தாய்மாமனுக்குக் கண்ணீர் அஞ்சலி

அடுத்த வாரத்திலிருந்து நான் பிரசவ விடுப்பில் போகிறேன். புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் இரண்டு பேரும்தான் இனி கடையின் வெப்சைட்டைப் பார்த்துக்கொள்ளப் போகிறீர்கள். பாஸ்வேர்டு, பேக்கப், சர்வர் நின்றுபோனால் யாரைக் கூப்பிடுவது, எல்லாவற்றையும் தனியாக எழுதி வைத்துவிட்டேன். எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தும் பார்த்துவிட்டேன். இருந்தாலும் ஒன்று விட்டுப்போனது போலவே இருக்கிறது. அது குறிப்பில் அடங்காது. நடந்ததை நடந்தபடி சொன்னால்தான் உங்களுக்குப் பிடிபடும் என்று நினைக்கிறேன்.

உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன். பாதியில் ஆரம்பித்தால் எனக்கே குழம்பிவிடும்.

நாம் செய்வது ஃப்ளெக்ஸ் பேனர். அச்சு இயந்திரம் விழுப்புரத்தில், திண்டிவனத்தில் ஒரு கவுண்டர். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கடைத் திறப்பு, கண்ணீர் அஞ்சலி, எதுவானாலும் வாடிக்கையாளர் போட்டோவைக் கொடுப்பார். யாரும் தனியாக நின்று எடுத்த போட்டோவைக் கொடுப்பதில்லை. கல்யாணத்தில் எடுத்த குரூப் போட்டோவைக் கொடுத்து, பின்வரிசையில் இடப்பக்கம் நிற்பவர் மட்டும் வேண்டும் என்பார்கள். அந்த முகத்தைக் கத்தரித்து எடுப்பது பைத்தான் என்ற மொழியில் எழுதிய ஒரு சின்ன ஸ்கிரிப்ட். அதைக் கூப்பிட்டு, வந்த முகத்தை டிசைனில் உட்கார வைப்பது வெப்சைட்டை ஓட்டும் பி.எச்.பி. நான் சேர்வதற்கு முன்பே இது இப்படித்தான் இருந்தது.

முதலில் ஸ்கிரிப்ட் ஓடாத கதை. சர்வரில் நான் உள்ளே நுழைந்து கையால் ஓட்டினால் அழகாக ஓடும். வெப்சைட்டில் வாடிக்கையாளர் பட்டனை அழுத்தினால் ஒன்றும் நடக்காது. பிழை என்றுகூடச் சொல்லாது. வெறும் வெள்ளைப் பக்கம்.

ஓனரிடம் சொன்னேன். அவர் யோசித்தார். "நீ ஓட்டினா ஓடுதில்ல?"

"ஓடுது சார்."

"அப்ப நீயே ஓட்டு."

அவ்வளவுதான். அடுத்த சில வாரங்களுக்கு நம் வெப்சைட்டின் உள்ளே இருந்தது நான்தான். வாடிக்கையாளர் பட்டனை அழுத்துவார், பக்கத்தில் ஒரு சக்கரம் சுற்றும், கவுண்டரிலிருந்து "அக்கா, ஒண்ணு" என்று குரல் வரும், நான் எண்டர் தட்டுவேன். என் பெண் அப்போது கைக்குழந்தை. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத நாட்களில் இங்கேயே தூக்கி வந்துவிடுவேன். ஒரு கை அவள் முதுகில், ஒரு கை எண்டரில். நான் சாப்பிடப் போனால், "சர்வர் சாப்புட்டுக்கினு இருக்குது, செத்த உக்காருங்க" என்று திண்டிவனம் கவுண்டரில் செல்வி சொல்வாளாம். அவர்களும் உட்கார்ந்திருப்பார்களாம்.

காரணம் பிறகு புரிந்தது. லினக்ஸில் வெப் சர்வர் தனக்கென்று வேறொரு யூசராக ஓடுகிறது. நான் பைத்தானுக்கு வேண்டியதையெல்லாம் என் பெயரிலிருந்த ஃபோல்டரில் போட்டு வைத்திருந்தேன். அந்த யூசருக்கு அங்கே நுழைய அனுமதி இல்லை. அவருக்கு என் பைத்தான் எங்கே இருக்கிறது என்பதும் தெரியாது. என் வீட்டு அலமாரியில் சாவியைப் பூட்டி வைத்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரைப் போய்க் கதவைத் திறக்கச் சொன்னது போல. எல்லாவற்றையும் பொது இடத்துக்கு மாற்றி, அனுமதி கொடுத்து, பைத்தான் இருக்கும் இடத்தை முழுதாக எழுதிக் காட்டியதும் ஓடிவிட்டது. ஓனர் எல்லோருக்கும் பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்தார். இனி எண்டர் தட்ட வேண்டாம் என்று நானும் நிம்மதியாக இருந்தேன். அந்த நிம்மதிதான் எனக்கு ஒத்துவருவதில்லை.

இனி நடந்ததுதான் நான் சொல்ல வந்தது.

ஒரு முகூர்த்த நாளுக்கு முந்தின நாள். திருவெண்ணெய்நல்லூர் பக்கத்திலிருந்து அம்சா என்கிற பெண் நேரிலேயே வந்திருந்தார். மறுநாள் காலை மயிலத்தில் அவருடைய இரண்டாவது குழந்தைக்கு மொட்டையடித்துக் காது குத்துகிறார்கள். கோயிலுக்குக் கீழே ஒரு மண்டபம். பேனரில் அவருடைய அண்ணன் முகம் பெரிதாக இருக்க வேண்டும். அதைச் சொல்வதற்காகவே பஸ் ஏறி வந்திருந்தார்.

மூத்த குழந்தையின் காதுகுத்துக்கு வேறு கடையில் அடித்த பேனரில், தாய்மாமனை இரண்டாவது வரிசையில் போட்டுவிட்டார்களாம். அவருக்கு மேலே அம்சாவின் கொழுந்தனார், கூலிங் கிளாஸோடு. அண்ணன் மண்டப வாசலில் நின்று பேனரைப் பார்த்தார். மடியில் குழந்தையை வைத்துக் காது குத்தியதும், இலையில் உட்காராமல் கிளம்பிவிட்டார். அன்றிலிருந்து தங்கையோடு பேச்சில்லை. செங்கல்பட்டில் வேலை, ஊருக்கு வந்தாலும் தங்கை வீட்டுக்கு வருவதில்லை. இப்போது அம்சா எப்படியோ ஆள் விட்டு, கெஞ்சி, அவரை வர ஒப்புக்கொள்ள வைத்திருக்கிறார்.

"அவர் வந்து மடியில வெச்சாதான் காது குத்துறது. இல்லன்னா நான் புள்ளய தூக்கிக்கினு வூட்டுக்கு வந்துடுவேன் மேடம். மொகம் பெருசா போடுங்க. எங்க அண்ணனுக்கு அது ஒண்ணுதான் வீக்கு."

ஆர்டரைப் போட்டுவிட்டு அவர் பஸ்ஸுக்குப் போய்விட்டார். அதே நேரத்தில் திண்டிவனத்தில் செல்வி ஒரு கண்ணீர் அஞ்சலியைப் போட்டிருக்கிறாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர் தவறிவிட்டார். அன்று மட்டும் ஆர்டர் அப்படிக் குவிந்தது. யாரும் எந்த முகத்தையும் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் யார் யாருடைய மாமன் என்று நமக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் காலை நான் கடைக்குள் நுழையும்போதே அம்சாவின் போன். பின்னால் மேளம் கேட்கிறது. அவர் அழவில்லை, கோபப்படவும் இல்லை. மிக மெதுவாகக் கேட்டார்.

"மேடம், எங்க பேனர்ல தாய்மாமன்னு போட்டு ஒரு தாத்தா இருக்காரே, அவர் யாரு?"

நான் அவருடைய ஆர்டரைத் திறந்து பார்த்தேன். சந்தனப்பொட்டு வைத்த, முன்பல் இல்லாத ஒரு பெரியவர், ஒரு வயதுக் குழந்தைக்குப் பக்கத்தில் மலர்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். எனக்குப் புரியவில்லை. அடுத்த நிமிடம் செல்வி கூப்பிட்டபோது புரிந்தது.

"அக்கா, செத்தவரோட புள்ள வந்து நிக்கறாரு. பேனர்ல இருக்கிறது எங்கப்பா இல்லன்றாரு. யாரோ மீச வெச்ச ஆளாம். விடியக்காலையில பசங்க வந்து கட்டிட்டுப் போயிட்டாங்களாம், யாரும் கவனிக்கல. மால வேற போட்டுட்டாங்க."

உடனே அவிழ்க்கச் சொன்னேன். அவிழ்க்க மாட்டார்களாம். அந்த பேனரில்தான் வீட்டுக்கு வழி காட்டும் அம்புக்குறி இருக்கிறது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் தெருவுக்குள் திரும்புகிறார்கள். வேறு பேனர் வந்தால்தான் இது இறங்கும்.

அம்சாவுக்குத் திரும்ப போன் செய்து சொன்னேன். சொல்லலாமா, கூடாதா என்று நம்பரை அழுத்தும்போதும் யோசித்துக்கொண்டுதான் இருந்தேன். மேளச் சத்தத்துக்கு நடுவே அவர் சொன்னார்:

"அண்ணன் கிளம்பி வந்துக்கினு இருக்காரு மேடம். திண்டிவனத்துல எறங்கிதான் மயிலம் பஸ் புடிக்கணும். அத பாத்தாருன்னா அப்டியே செங்கல்பட்டு பஸ்ஸுல ஏறிடுவாரு. நான் போன் பண்ணா எடுக்க மாட்டாரு. நீங்க போயி எப்டியாச்சும் இட்டுக்கினு வாங்க."

ஓனர் நேரே விஷயத்துக்கு வந்தார். இந்த இரண்டையும் மறுபடி அடி, நான் வண்டியை எடுக்கிறேன், மற்றதெல்லாம் அதுபாட்டுக்கு ஓடட்டும் என்றார். அன்றைக்கு முகூர்த்தம். மாலை விழாக்களுக்கான பேனர்கள் சுருட்டிக் கட்டி வாசலில் வரிசையாக நின்றன. வெப்சைட்டில் ஆர்டர் வந்துகொண்டே இருந்தது.

எனக்கு அவரை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. ஆனால் இரண்டு பேர் மாறியிருந்தால், இரண்டு பேர்தான் மாறியிருக்கிறார்கள் என்று எப்படிச் சொல்வது? எல்லாவற்றையும் நிறுத்திவிடலாம் என்றேன். அவர், கடையையே மூடிவிடலாமே என்றார். நான் வாசலில் இருந்த ஒரு சுருளைப் பிரித்தேன். இரும்புக்கடைத் திறப்பு விழா. 'உரிமையாளர்' என்ற எழுத்துக்கு மேலே, காகிதத் தொப்பி போட்ட ஒரு குழந்தை, கையில் கிலுகிலுப்பையோடு எல்லோரையும் அன்புடன் அழைத்துக்கொண்டிருந்தது. அடுத்த சுருளை ஓனரே பிரித்தார். அதில் பலூன்களுக்கு நடுவே இரும்புக்கடைக்காரர். 'எங்கள் குட்டி இளவரசனுக்கு முதல் பிறந்தநாள்.'

ஓனர் சுருளைத் திரும்பச் சுருட்டினார். "நிறுத்து" என்றார்.

வெப்சைட்டில் ஆர்டர் பக்கத்தை மூடினேன். முகூர்த்த நாளில் கடையை மூடினவள் என்று பெயர் வரப்போகிறது என்று நினைத்துக்கொண்டேதான் மூடினேன். கவுண்டரில் இருந்தவர்கள் ஒவ்வொரு வாடிக்கையாளரையும் கூப்பிட்டு, உங்கள் பேனரில் இருப்பவருக்கு மீசை உண்டா, கண்ணாடி உண்டா, வயது என்ன என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள். நான் பழையபடி உட்கார்ந்து, அம்சாவின் அண்ணன் முகத்துக்கு ஒரு எண்டர் தட்டினேன். அது வந்த பிறகு பெரியவரின் முகத்துக்கு ஒரு எண்டர். இரண்டும் சரியாக வந்தன. ஏன் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மை வாசனை போகாத இரண்டு சுருள்களோடு வேனில் ஏறினோம். அன்று என் மாமியார் கண்டமங்கலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்ததால் என் பெண்ணும் கூடவே இருந்தாள். ஓனர் ஓட்டிக்கொண்டே வழியெல்லாம் புலம்பினார். இதைவிட பேஜாரான ஒரு நாளை அவர் பார்த்ததில்லையாம். ஓர் இடத்தில் சொன்னார்:

"நீ உக்காந்து தட்டிக்கினு இருந்த வரைக்கும் உசுரோட இருக்கிறவன் எவனும் சாவலியேம்மா."

அவர் என்னைத் திட்டுவதற்காகத்தான் சொன்னார். எனக்கு அந்த இடத்தில்தான் விளங்கியது. முகம் கத்தரிக்க நேரம் ஆகும் என்பதால், நம் பி.எச்.பி. பைத்தானைப் பின்னணியில் ஓடவிட்டு, ஒரு ஃபோல்டரின் வாசலில் காத்திருக்கும். உள்ளிருந்து அடுத்து வருகிற முகம் எதுவோ அதைத் தன்னுடையது என்று எடுத்துக்கொள்ளும். ஒருவர் மட்டும் காத்திருந்தால் தவறில்லை. இரண்டு பேர் காத்திருக்கும்போது, முதலில் வந்தவரின் போட்டோ பெரியதாக இருந்தால், பின்னால் வந்தவரின் முகம் முந்திக்கொண்டு வெளியே வரும். முதலாமவர் அதை எடுத்துக்கொண்டு போய்விடுவார். அவருடைய முகம் வரும்போது வாசலில் நிற்பது அடுத்தவர்.

நான் ஒவ்வொன்றாக எண்டர் தட்டியவரை வாசலில் இரண்டு பேர் நின்றதே இல்லை. ஒருவர் போன பிறகே அடுத்தவரை விட்டேன். வேறு வழியில்லாமல் செய்தது. என்னை அந்த இடத்திலிருந்து எடுத்தபோது, எண்டர் தட்டும் வேலையை மட்டும்தான் எடுத்தோம் என்று நினைத்தோம். வரிசையையும் சேர்த்து எடுத்துவிட்டோம்.

திண்டிவனத்தில் தெருமுனையிலேயே பேனர் தெரிந்தது. ஆள் உயரத்துக்கு மீசையோடு ஒரு முகம், ரோஜா மாலை, கீழே 'ஆறாத் துயரில் வாடும் குடும்பத்தினர்', அதற்கும் கீழே அம்புக்குறி. அந்த முகத்துக்கு நேர் கீழே அதே முகம் நின்றுகொண்டிருந்தது. பட்டு வேட்டி, கையில் சீர்த் தட்டு வைத்த பை. செங்கல்பட்டு பஸ்ஸில் ஏறவில்லை.

நான் பயந்துகொண்டே போய், நாங்கள் பேனர் கடை, அம்சா அனுப்பினார் என்றேன்.

"செத்த இருங்கம்மா" என்றார். வெள்ளை வேட்டியில் இரண்டு பேர் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து, மேலே பேனரைப் பார்த்தார்கள், கீழே இவரைப் பார்த்தார்கள், அப்படியே நின்றுவிட்டார்கள். "சாவு வூடு உள்ள, லெஃப்டுல மூணாவது" என்று இவர் கையைக் காட்டினார். அவர்கள் இவரைச் சுற்றிக்கொண்டு, சுவரை ஒட்டி நடந்து போனார்கள்.

"வந்ததுல இருந்து இதே வேலதான். எவனும் அம்புக்குறிய பாக்க மாட்டன்றான். என்னிய பாத்துட்டு நின்னுடறான். வழி சொல்லாம எப்டிப் போறது?"

ஓனர் சர்வர், பைத்தான் என்று ஏதோ ஆரம்பித்தார். அண்ணன் காதில் வாங்கவில்லை. டீக்கடைக்காரர் இவரிடம் காசு வாங்க மறுத்துவிட்டாராம். ஒரு கிழவி இவர் கையைத் தொட்டுப் பார்த்து, ஆயுசு கெட்டி என்று சொல்லிவிட்டுப் போனாளாம்.

இறந்தவரின் மகன் செல்வியோடு வந்தார். இரவெல்லாம் விழித்த கண்கள். நான் புது பேனரைப் பிரித்துக் காட்டினேன். இந்த முறை அவருடைய அப்பாதான். அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, அந்த இன்னொரு பேனர் எங்கே இருக்கிறது என்று கேட்டார். மயிலத்தில் ஒரு காதுகுத்து மண்டபத்தில், தாய்மாமன் இடத்தில் என்றேன். எப்படிச் சொல்லி முடித்தேன் என்று தெரியவில்லை. அடித்தாலும் வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும் என்று நின்றேன்.

அவர் அடிக்கவில்லை. வாய் கோணியது; சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை.

"எங்க அத்த புள்ளைங்க எல்லாத்துக்கும் அவர் மடிலதான் காது குத்தினாங்க. கடைசியா இன்னொண்ணுக்கும் போயிட்டு வந்துட்டாரு, வுடுங்க."

புது பேனரைக் கட்ட அம்சாவின் அண்ணனே ஏணியைப் பிடித்துக்கொண்டார். வேன் புறப்படும்போது, அவிழ்த்த பேனரைப் பின்சீட்டில் மடித்து வைத்தார். அதை வெளியே போட்டுவிடலாம் என்று ஓனர் சொன்னதற்கு மறுத்துவிட்டார். மயிலம் வரும் வரை அதன் மேல் ஒரு கையை வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். என் பெண் அவர் மீசையைப் பிடித்து இழுத்தாள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒருவேளை மண்டப வாசலில் எல்லோர் முன்னாலும் பேனரை விரித்துக் காட்டிவிட்டுத் திரும்பிவிடுவாரோ என்று நினைத்தேன்.

வாசலில் அம்சா குழந்தையோடு நின்றார். குழந்தைக்கு மொட்டையடித்து, சந்தனம் பூசியாகிவிட்டது; காது குத்த ஆசாரி காத்திருந்தார். அண்ணன் இறங்கினார். தங்கையைப் பார்க்கவில்லை. சுவரில் அந்தப் பெரியவரின் பேனர் இன்னும் தொங்கியது. அதன் கீழே நின்று நிமிர்ந்து பார்த்து, ஒரு கும்பிடு போட்டார். பிறகு தங்கையிடம் திரும்பினார்.

"போன தடவ என் மொகம் எலுமிச்சம்பழம் சைஸு. திண்டிவனத்துல பாத்தியா? ஆளு உசரம். செத்தாதான் இந்தக் குடும்பத்துல மொகத்த பெருசா போடுவீங்களா?"

"இல்லண்ணா, நான் பெருசாதான் போடச் சொன்னேன்" என்று சொல்லும்போதே அம்சாவுக்கு அழுகை வந்துவிட்டது. "மேடத்த கேளு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கையிலிருந்த சுருளைப் பிரித்தேன். பிரித்த பிறகுதான் நானே பார்த்தேன். அவசரத்தில் முகத்தை அஞ்சலி அளவிலேயே உட்கார வைத்திருந்தேன். பேனரில் பாதி தாய்மாமன்தான். குழந்தை அவர் காதோரத்தில் ஒரு கம்மல் மாதிரி தெரிந்தது. மற்ற உறவினர்கள் எல்லோரும் கீழ்விளிம்பில், வரிசையாக, எலுமிச்சம்பழ அளவில்.

அண்ணன் அதை நெடுநேரம் பார்த்தார். பிறகு பையிலிருந்து சீர்த் தட்டை எடுத்தார், மணையில் போய் உட்கார்ந்தார், மடியைத் தட்டினார். "புள்ளய குடு. ஜல்தி." குழந்தை மண்டபமே அதிர அழுதது. குத்தி முடிந்து முதல் பந்தியில் அவர் உட்கார்ந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

திரும்பும்போது ஓனர் பாட்டு போட்டுக்கொண்டு ஓட்டினார். அம்சாவின் கொழுந்தனார் சாப்பிடாமல் கிளம்பிவிட்டார் என்ற செய்தி வழியிலேயே வந்தது. அவரை நாம் சரிசெய்ய முடியாது. மூன்றாவது குழந்தை பிறந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது ஒவ்வொரு முகமும் தன் ஆர்டர் எண்ணையே பெயராக வைத்துக்கொண்டு வெளியே வருகிறது. வாசலில் எத்தனை பேர் நின்றாலும் அவரவர் எண்ணைப் பார்த்துத்தான் எடுப்பார்கள். அந்தத் திருத்தம் சின்னது, ஒரு மதியத்தில் முடிந்துவிட்டது. நீங்கள் இரண்டு பேரும் என்னைவிடக் கெட்டிக்காரர்கள், இதைவிட நன்றாகவே எழுதுவீர்கள்.

நான் கவலைப்படுவது வேறு. இத்தனை நாள் இந்த நாற்காலியில் உட்கார்ந்து, எனக்கே தெரியாமல் இன்னும் எதையெல்லாம் பிடித்து நிறுத்திக்கொண்டிருக்கிறேனோ, அதை என்னால் எழுதிக் கொடுக்க முடியவில்லை. யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டேன். அதனால் முதல் மாதம், நான் அநாவசியமாகச் செய்வதாக உங்களுக்குத் தோன்றுவதையும் அப்படியே செய்யுங்கள். காலையில் வந்ததும் லாக் பார்ப்பதை, திண்டிவனத்துக்கு ஒரு போன் போடுவதை, கொடுத்தனுப்பும் முன் சுருளைப் பிரித்துப் பார்ப்பதை. பிறகு ஒவ்வொன்றாக விடுங்கள். ஒன்றை விட்டால் ஒரு முகூர்த்தம் பொறுத்துப் பாருங்கள்.

சந்தேகம் வந்தால் ஆர்டர் பக்கத்தை மூடிவிடுங்கள். ஓனர் கத்துவார். வாசலில் இருக்கும் ஒரு சுருளைப் பிரித்துக் காட்டுங்கள். அதோடு, கண்ணீர் அஞ்சலி எது வந்தாலும் வாடிக்கையாளருக்கு போன் செய்து, போட்டோவில் இருப்பவர் இருக்கிறாரா, தவறிவிட்டாரா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கேட்பதற்கு ஒரு மாதிரியாகத்தான் இருக்கும். நான் கேட்டவர்களில், பிறந்தநாளுக்குத் தவறுதலாக அஞ்சலி டிசைனை அழுத்திவிட்ட ஒருவர், "இருங்கம்மா, அவர்கிட்டயே குடுக்கறேன்" என்று போனைக் கொடுத்திருக்கிறார்.